அவள் சாப்பிட்டாளா?

"எங்க போகலாம்னு நீயே சொல்லு."

வெள்ளிக்கிழமை ராத்திரி நாம் இரண்டு பேர் மட்டும் வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாமா என்று நான் கேட்டபோது என் இணையர் சொன்ன பதில் இது. இதில் மறுப்பு இல்லை, சலிப்பும் இல்லை. அன்பான பதில்தான். கேட்பவர்களுக்கு இது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரமாகவே தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அந்த மாலையின் மொத்த வேலையும் என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எங்கே என்பதை முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் எப்போது கிளம்பலாம் என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன், அத்தைக்கு ராத்திரிக்கு என்ன வைத்துவிட்டுப் போவது, எட்டு மணி மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் டியூஷனிலிருந்து திரும்பும் நேரம், சனிக்கிழமை காலைக்கு மாவு இருக்கிறதா, தண்ணீர் லாரி அன்றைக்கு வருமா. இவ்வளவையும் நகர்த்தி வைத்த பிறகுதான் 'எங்கே' என்ற கேள்விக்கே இடம் கிடைக்கும். அவருக்கு அந்த மாலை, சட்டை மாற்றிக்கொள்வதில் தொடங்கும். எனக்கு அது செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது.

இந்த ஏற்பாடெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். அந்த வேலைகளில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். பாத்திரம் கழுவும் நிமிடத்தை எண்ணிவிடலாம். கழுவிக்கொண்டே நாளைய மாவையும் அடுத்த வார டியூஷன் கட்டணத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் நிமிடத்தை எண்ணுவது கடினம். வெளியே போய் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடலாம் என்கிற ஆசையும் அந்த எண்ணப்படாத வேலையில் இன்னொரு வரியாகச் சேர்ந்துகொள்கிறது.

அத்தையிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "என்னம்மா, அன்னைக்கு என்ன விசேஷம்?"

விசேஷம் ஒன்றுமில்லை. கல்யாண நாள் இல்லை, பிறந்த நாள் இல்லை. சும்மா. இந்தச் 'சும்மா'வைத்தான் சொல்ல முடியவில்லை. கோயில், துணிக்கடை, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு என்றால் கேள்வியே வராது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதி 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. பெண் பொதுவெளிக்கு வரலாம், ஆனால் கையில் ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும். காரணமில்லாமல் நிற்கும் உரிமைதான் அவளுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது.

சங்க இலக்கியம் நடத்துகிறவளுக்கு இது புதிய செய்தி இல்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் வேலை இருக்கும்வரை தலைவி வெளியே இருக்கலாம். தலைவனைச் சந்திக்கலாம். தினை அறுவடையாகிவிட்டால் அவள் வெளியே வருவதற்கான காரணம் போய்விடுகிறது. அதன் பிறகு இற்செறிப்பு. கிளிகளைத் தினையில் வந்து விழச்சொல்லித் தலைவி ஏங்குவதில் இருக்கும் அரசியலை நாம் நயமாக மட்டுமே பாடம் நடத்திப் பழகிவிட்டோம்.

*

தொல்காப்பியக் களவியலைப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள். "மேடம், குறியிடம்னா டேட்டிங் ஸ்பாட்தானே?" வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும் நான் ஆமாம் என்பேன். டேட் என்பதற்குச் சரியான தமிழ்ச்சொல் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஒருவரும் அறியாமல் இருவர் சந்திக்க நேரமும் இடமும் குறித்துக்கொள்வதற்குக் 'குறி' என்று பெயர் வைத்து, பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று பிரித்து, குறி தவறிப்போவதற்கு 'அல்லகுறி' என்று தனிப்பெயரும் கொடுத்த மொழி இது.

அந்தக் களவியல் சொல்லும் இரண்டு விதிகள் என் வெள்ளிக்கிழமை ஏற்பாட்டுக்கு நேராக வந்து நின்றன.

ஒன்று, சந்திக்கும் இடத்தைச் சுட்டிச் சொல்லும் சொல் தலைவிக்கு உரியது. காரணத்தையும் நூலே சொல்கிறது. அது அவள் சென்று வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால். "நீயே சொல்லு" என்ற வாக்கியத்துக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது. அவன் எங்கும் போகலாம். மலைவழியில் வருவான், காட்டாற்றை நீந்தி வருவான். அவளுடைய எல்லைதான் குறுகியது. குறுகிய எல்லை உடையவளே அந்த எல்லையை அளந்து சொல்ல வேண்டும்.

இரண்டு, பகலில் சந்திக்கும் இடம் வீட்டுக்குப் புறத்தே இருக்கலாம். இரவில் சந்திக்கும் இடம் வீட்டெல்லைக்குள், வீட்டிலிருப்பவர்கள் பேசுவது காதில் விழும் தொலைவில் இருக்க வேண்டும். காதலின் உச்சத்திலும், நடுராத்திரியிலும், அவள் காது வீட்டின் பக்கம் திறந்தே இருக்க வேண்டும். தாய் விழித்தாளா, நாய் குரைத்ததா, காவலர் வந்தார்களா?

இரவில் காதல் பெண்ணைத் தேடி வீட்டுக்கு வரும், பெண் அதைத் தேடி வெளியே போகமாட்டாள் என்ற ஏற்பாடு பின்னாளில் வேறு உருவங்களில் தொடர்ந்தது. தமிழ்ச் சினிமா நமக்குக் கொடுத்த 'டேட் நைட்' என்ன? மல்லிகைப்பூப் பொட்டலமும் அல்வாப் பொட்டலமும். ஆண் ஊரில் உள்ள விளக்குகளையெல்லாம் பார்த்துவிட்டு, கடைத்தெருவின் வாசனையையெல்லாம் முகர்ந்துவிட்டு, அதில் ஒரு பிடியை வாழையிலையில் கட்டி எடுத்துவருவான். அவள் கதவைத் திறப்பாள்.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. மாதச் சம்பளம் வந்த அன்று அப்பா ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்கு ரவா தோசை பார்சல் வாங்கி வருவார். கல்லிலிருந்து எடுக்கும்போது அது எப்படி மொறுமொறுவென்று இருக்கும் என்பது அம்மாவுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. இலையில் வியர்த்து, சட்னியில் ஊறி, துவண்டுபோன தோசையைத்தான் அவர் ரவா தோசை என்று நினைத்திருந்தார். என் முதல் மாதச் சம்பளத்தில் அவரை ஓட்டலுக்கு அழைத்துப்போனபோது, "இதுவா ரவா தோசை?" என்று கேட்டார். அப்போது அவருக்கு 52 வயது.

*

காதலித்தவர்கள் மணம் செய்துகொண்ட பிறகு குறியிடம் என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போகிறது. களவுக்குத்தான் குறி. கற்புக்கு அடுக்களை.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டை எல்லா ஆண்டும் நடத்துகிறேன். புதுமணப்பெண் தயிர் பிசைந்த கையைத் துடைத்த ஆடையோடு, தாளிப்புப் புகை படிந்த கண்களோடு, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மகளின் குடும்பத்தைப் போய்ப் பார்த்துவந்த செவிலி இதைத் தாயிடம் சொல்கிறாள். மிக அழகான பாட்டு. போன ஆண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அவ சாப்பிட்டாளா?"

பாட்டில் அது இல்லை. உரைகளிலும் இல்லை. யாரும் கேட்காத கேள்வி. அவளுடைய பாட்டியும் அம்மாவும் அக்காவும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

அன்றிலிருந்து எந்தக் காப்பியத்தைப் பிரித்தாலும் எனக்கு அதுதான் கேட்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் வெளியே கூட்டிப்போவது மாதவியை. இந்திர விழா முடிந்து கடலாடப் போகிறார்கள். அவன் கோவேறு கழுதையில், அவள் வண்டியில். புன்னை நிழலில் ஓவியத் திரை கட்டி, புதுமணல் பரப்பில் இட்ட கட்டிலில் அமர்ந்து, யாழ் மீட்டிப் பாடுகிறார்கள். பாடியதில் பிணக்கு வந்து பிரிந்தாலும், அது இரண்டு பேர் சேர்ந்து கழித்த பொழுது. அந்த நேரமெல்லாம் மனைவி கண்ணகி வீட்டில் இருக்கிறாள்.

கண்ணகியும் கோவலனும் சேர்ந்து வெளியே கிளம்புவது ஒரே ஒரு முறை. அதுவும் பொழுது விடியுமுன், யாருக்கும் தெரியாமல், பிழைப்புத் தேடி மதுரைக்கு. அத்தனை தூரம் நடந்து புதிய நகரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அவள் என்ன செய்கிறாள்? மாதரி வீட்டில், மாதரி கொடுத்த பாத்திரங்களில், ஐயை உதவ, சமைக்கிறாள். விரல் சிவக்கக் காய் நறுக்கி, முகம் வியர்த்து, கண் சிவந்து சமைக்கிறாள். அவனுக்குப் பாய் விரித்து, வாழைக்குருத்து போட்டுப் பரிமாறுகிறாள். அவன் உண்டதும் வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். அவள் உண்டதாக இளங்கோ சொல்லவில்லை. ஊர்விட்டு ஊர் வந்தும் அடுக்களை கூடவே வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று நடக்கிறது. புகாரின் மாளிகையில் சொல்லாததைக் கண்ணகி அங்கே சொல்கிறாள். நீங்கள் செய்தது தகாத ஒழுக்கம் என்று அவன் முகத்துக்கு நேராக, அமைதியாகச் சொல்கிறாள். விருந்தினரை எதிர்கொள்ளும் பேறும் எனக்கு இல்லாமல் போயிற்று என்கிறாள். அவள் தன் வாழ்க்கையைப் பற்றி அவனிடம் பேச ஒரு நகரம் தாண்டி வர வேண்டியிருந்தது. பேசி முடித்ததும் அவன் சிலம்போடு போய்விடுகிறான். பிறகு அவனுக்குக் கேட்க நேரமில்லை.

*

நான் சுட்டிய இடம் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருவில் உள்ள அத்தோ கடை. 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் சென்னைக்குக் கொண்டுவந்த உணவு. வேகவைத்த நூடுல்ஸ், மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பெஜோ. எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைத்து, கூடவே வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருவார்கள். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

காதலர்களுக்கு ஏற்ற இடம் என்று இதை யாரும் பரிந்துரைக்கமாட்டார்கள். மெழுகுவத்தி கிடையாது, மேசை கிடையாது. ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன.

குரோம்பேட்டையிலிருந்து மாலையில் கடற்கரைப் பக்கம் போகும் வண்டியில் கூட்டம் குறைவு, பொதுப்பெட்டியிலேயே இருவரும் சேர்ந்து உட்காரலாம். இல்லையென்றால் நான் பெண்கள் பெட்டியிலும் அவர் வேறு பெட்டியிலும், கோவலனும் மாதவியும் மாதிரி தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். திரும்பும்போது அது புறப்படும் நிலையம், அதனால் ஒன்பதரை மணிக்கும் உட்கார இடம் கிடைக்கும். கடைக்கும் நிலையத்துக்கும் நடுவே தூரம் கொஞ்சம்தான், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உண்டு. தள்ளுவண்டிக் கடையில் கழிப்பறை இருக்காது, எனவே முதலில் பாரிமுனையில் கழிப்பறை உள்ள ஓட்டல் ஒன்றில் காபி. புடவையா சுடிதாரா? நின்று சாப்பிட வேண்டும், எண்ணெய் சொட்டும், எனவே பருத்திச் சுடிதார். இரண்டு பேருக்கும் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும், எனவே வீட்டில் யாரும் செலவைப் பற்றிப் பேச முடியாது.

இதை அவரிடம் சொன்னபோது அவர் வியந்துபோனார். "ஒரு தட்டு நூடுல்ஸுக்கு இவ்ளோ யோசிச்சியா?" என்றார். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அவர் யோசிப்பது ஒன்றே ஒன்றுதான்: அங்கே என்ன நன்றாக இருக்கும். நானும் அங்கிருந்து தொடங்கத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் உணவின் ருசி என் பட்டியலில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோதான் வருகிறது. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும். வெளிச்சம், கழிப்பறை, கடைசி வண்டி, ஆட்டோ கிடைக்குமா, தெருமுனையில் டாஸ்மாக் இருக்கிறதா. நகரத்தின் வரைபடம் எங்களுக்கு இப்படித்தான் மனத்தில் பதிந்திருக்கிறது.

தட்டில் பிசைவதற்கு முன் கடைக்காரர் கேட்டார்: "காரம் எப்படி சார்?" என் தட்டைப் பற்றியும் சாரிடம்தான் கேட்டார். பெரிய ஓட்டல்களிலும் இதுதான். என்ன வேண்டும் என்று அவரைக் கேட்பார்கள், பில்லை அவர் பக்கம் வைப்பார்கள், நான் பணம் வைத்தாலும் சில்லறை அவரிடம் போகும். "எனக்குக் காரம் நிறைய போடுங்கண்ணே" என்று நான் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி அள்ளிப் போட்டார். அதன் பிறகு என்னிடமே கேட்டார்.

சுற்றி நின்று சாப்பிட்டவர்களில் பெரும்பாலும் ஆண்கள். இரண்டு கல்லூரிப் பெண்களும், கைக்குழந்தையோடு ஒரு குடும்பமும் இருந்தார்கள். நடைபாதையில் ஒரு அம்மா பூ விற்றுக்கொண்டிருந்தார். இரவில் பெண்கள் வெளியே இருக்கக்கூடாது என்கிறவர்கள் பூக்காரம்மாவையோ, ஆஸ்பத்திரி நர்ஸையோ, ரயில் நிலையம் கூட்டுகிறவரையோ மனத்தில் வைத்துச் சொல்வதில்லை. உழைக்கும் பெண்ணின் இரவுமேல்கூடச் சட்டம் நீண்டகாலம் கை வைத்திருந்தது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில் மட்டுமே பெண்களை வேலையில் வைக்க அனுமதித்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் சொன்னது. வேலைக்காக இரவு திறந்தது. மகிழ்ச்சிக்காகத் திறக்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

முதல் அழைப்பு காபி குடிக்கும்போதே வந்தது. இரண்டாவது மகளிடமிருந்து: "அம்மா, கேஸ் அடுப்பு லைட்டர் எங்க?" மூன்றாவது தண்ணீர் லாரிக்காரர். மூன்றும் என் பேசிக்கு. அவர் பேசி சட்டைப்பையில் அமைதியாக இருந்தது. வீட்டாரின் பேச்சுக் கேட்கும் தொலைவுக்குள் இரவுக்குறி இருக்க வேண்டும் என்ற விதி இப்போது செல்பேசி வழியாகக் கடற்கரை நிலையம்வரை நீண்டிருக்கிறது.

இரண்டாவது கிண்ணம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது நான் அவரிடம், "ரெண்டு வருஷமா நான் ஒரு கவிதைகூட எழுதல, தெரியுமா?" என்றேன். அதைச் சொல்வதற்காக அங்கே வரவில்லை. வாயில் வந்தது, அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே அறையில் இருக்கிறோம். அந்த வாக்கியத்தைச் சொல்ல அந்த வீட்டின் பொழுதில் ஓர் இடைவெளி இருந்ததில்லை. காலையில் டிபன் டப்பா, மாலையில் விடைத்தாள், இரவில் மாத்திரை, இவற்றுக்கு நடுவில் எங்கே வைத்து அதைச் சொல்வது?

அவர் வாய் திறப்பதற்குள் என் பேசி மறுபடியும் அடித்தது. அத்தை. அவர் என் கையிலிருந்து பேசியை வாங்கினார். "அம்மா, நான்தான். மாத்திரை டிவி மேல இருக்கிற டப்பாவுல... அவகிட்ட கேக்காத, என் நம்பருக்குப் போடு" என்று சொல்லிவிட்டு அதைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லு. ஏன் எழுதல?"

ஒன்பது ஐம்பது வண்டியைத்தான் பிடிக்க முடிந்தது. தாம்பரம் வண்டி காலியாக இருந்தது. பல்லாவரம்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

*

இவ்வளவும் எனக்கு வாய்த்தது என்பதை மறக்காமல்தான் எழுதுகிறேன். எனக்குச் சம்பளம் இருக்கிறது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கழுத்தில் தாலி இல்லாவிட்டாலும் பக்கத்தில் கணவன் என்ற அனுமதிச்சீட்டு இருக்கிறது. இதே தெருவில் இதே நேரத்தில் நான் என் தோழியோடு நின்றிருந்தால் பார்வைகள் வேறு. தனியாக நின்றிருந்தால் இன்னும் வேறு.

ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வெளியே போவதற்குச் சாதியின் அனுமதியும் வேண்டும் என்று நினைக்கும் நாடு இது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கரும் கௌசல்யாவும் கடைக்குப் போய்த் துணி வாங்கிவிட்டுத்தான் வந்தார்கள். கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை செய்யும் வேலை. பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். கௌசல்யா உயிர் பிழைத்து, பெற்றவர்களுக்கு எதிராகவே நீதி கேட்டு நின்றார். அதற்குப் பிறகு, 'சும்மா வெளியே போய்ட்டு வரலாம்' என்ற பேச்சை என்னால் சின்ன ஆசை என்று ஒதுக்க முடியவில்லை. யார் யாரோடு தெருவில் நடக்கலாம், யார் பக்கத்தில் நின்று சாப்பிடலாம் என்பதில்தான் சாதியின் காவல் மொத்தமும் இருக்கிறது. அந்தக் காவலின் முதல் ஆள் பெண்ணின் நேரத்தைக் கணக்கெடுக்கும் வீடு.

விடுதிகளும் அந்த வீட்டின் நீட்சிதான். பெண்கள் விடுதியின் நேரக்கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' என்று இயக்கமே தொடங்கினார்கள். கூண்டை உடை என்று பொருள். கூண்டு என்ற சொல்லை அவர்கள் மிகையாகச் சொல்லவில்லை.

*

அடுத்த மாதம் அவரிடம் சொன்னேன்: "இந்த முறை இடம் நீங்க சொல்லுங்க."

"சரி, நீ எங்க..." என்று தொடங்கியவரை நிறுத்தினேன். "நான் சொல்லமாட்டேன். ஆனா நான் போய்வரக்கூடிய இடமா இருக்கணும்."

நான்கு நாள் எடுத்துக்கொண்டார். முதலில் சொன்ன இடத்துக்குத் திரும்பி வர வண்டி இல்லை என்று அவரே கண்டுபிடித்தார். இரண்டாவதாகச் சொன்ன இடத்தின் வாசலில் விளக்கில்லை என்பது ஒருநாள் அலுவலகம் விட்டு வரும்போது போய்ப் பார்த்ததில் தெரிந்தது. வியாழக்கிழமை ராத்திரி அவர் ஏதோ ஓட்டலுக்குப் போன் செய்து, "லேடீஸ் டாய்லெட் இருக்குங்களா? உள்ள தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது அடுத்த அறையிலிருந்த என் காதில் விழுந்தது. இருபது ஆண்டு மணவாழ்க்கையில் நான் கேட்ட காதல் மொழிகளில் அதற்கு உயர்ந்த இடம் கொடுப்பேன்.

தன் அம்மாவுக்கு உப்புமா கிண்டி வைத்தார். கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மாத்திரையை எடுத்து வைத்து, மகளிடம் சாவியைக் கொடுத்து, தண்ணீர் லாரிக்காரரிடம் தன் நம்பரைக் கொடுத்து... இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கை பரபரத்தது. எழுந்துபோய் அந்த உப்புமாவில் கொஞ்சம் நல்லெண்ணெய் விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. போகவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதினேன். நல்ல வரிகளா என்று தெரியாது. ஆனால் கிளம்புவதற்கு முன் கிடைத்த அரைமணி நேரத்தில் எழுதியவை. வழக்கமாக அந்த அரைமணி நேரம் எனக்கு இருப்பதில்லை.

அந்த ஓட்டலில் தோசை சுமார்தான். அதனால் ஒன்றுமில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, சூடாக வந்தது, யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. ஒரு காதல் விருந்துக்கு இதைவிட அதிகமாக நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இந்த மூன்றும் நடப்பதற்கு யாரோ ஒருவர் செவ்வாய்க்கிழமையே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அது எப்போதும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

இதை வகுப்பில் சொன்னபோது, விடுதியில் இருக்கும் ஐந்து பெண்கள் இடைவேளையில் வந்து அத்தோ கடைக்கு வழி கேட்டார்கள். கூட்டிப்போகக் காதலன் வேண்டுமா மேடம் என்று ஒருத்தி கண்ணடித்தாள். பசி இருந்தால் போதும் என்றேன். புறப்படும் நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், முதலில் காபிக்குப் போங்கள், சூப் தீர்ந்தால் கேளுங்கள், மறுபடி ஊற்றுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். விடுதியில் வெளியே போகும் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக எல்லோரும் 'புத்தகம் வாங்க', 'மருத்துவமனை' என்று எழுதுவார்கள். இவர்கள் 'சாப்பிட' என்று எழுதினார்களாம். வார்டன் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று மறுநாள் வந்து சொன்னார்கள்.